சொன்ன நேரத்துக்கு வாருங்கள்

தமிழ்நாட்டின் எல்லாக் கட்சித் தலைவர்களுக்கும்,

வணக்கம்.

2025 செப்டம்பர் 27 அன்று கரூர் வேலுச்சாமிபுரத்தில் நடந்ததை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு கட்சித் தலைவரைப் பார்க்கக் கூடிய கூட்டத்தில் நெரிசலில் சிக்கி 41 உயிர்கள் போயின. யார் பொறுப்பு என்பதை விசாரணை சொல்லட்டும். பகலில் வந்து நின்ற கூட்டம் இரவு ஏழு மணிக்கும் நின்றுகொண்டிருந்ததே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். அது ஒரு ஊரின் கதையோ ஒரு கட்சியின் கதையோ இல்லை. 2016 ஏப்ரலில் விருத்தாசலத்திலும் சேலத்திலும் தேர்தல் கூட்டங்களுக்கு வந்தவர்கள் வெயில் தாங்காமல் செத்தார்கள். அப்போதும் இரங்கல் வந்தது, நிவாரணம் வந்தது. பழக்கம் மட்டும் மாறவில்லை.

எங்கள் வீடு கூட்டம் போடும் சாலையில் இருக்கிறது. போன மாதம் இங்கே ஒரு கூட்டம். நோட்டீஸில் மாலை நான்கு மணி என்று போட்டிருந்தார்கள். தலைவர் வந்தபோது மணி ஒன்பதரை. பத்து மணிக்கு மைக்கை நிறுத்த வேண்டும் என்பதால் அவசரமாகப் பேசிவிட்டுக் கிளம்பினார்.

அதுவரை எங்கள் கதவைப் பெண்கள் தட்டிக்கொண்டே இருந்தார்கள். "அக்கா, பாத்ரூம் போய்க்கலாமா?" கேட்கும்போதே கூசிப் போய் நின்றார்கள். வயதான ஒரு அம்மாவுக்குக் கால் வீங்கி, செருப்பு வார் தோலில் பதிந்திருந்தது. சொம்பில் தண்ணீர் கொடுத்தேன். நாக்கை நனைத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிட்டார். குடித்தால் மறுபடி எங்கே போவது? காலையில் வேனில் ஏறியதிலிருந்தே அப்படித்தானாம். வீட்டுக்குப் போங்கள் என்றேன். "இவ்வளவு நேரம் நின்னாச்சு. மொகத்தப் பாக்காம போனா மனசு ஆறாது கண்ணு" என்றார்.

அந்த மனசை நீங்கள் நன்றாக அறிவீர்கள். நிற்க நிற்க, நின்றது வீணாகிவிடக் கூடாதே என்ற தவிப்பு ஏறும். அந்தத் தவிப்போடு முகத்தைப் பார்த்தால் அழுகை வரும், ஆவேசம் வரும். மேடையில் "இதோ வந்துகொண்டே இருக்கிறார்" என்று மணிக்கணக்கில் சொல்லிப் பாட்டுப் போடுவது அதை அணையாமல் காக்கத்தான். கூட்டம் பெருகட்டும், டிரோனில் எடுக்கலாம் என்று ஊர் எல்லையில் வண்டியை நிறுத்தி வைக்கிறவர்களும் உங்களில் உண்டு. ஒருவருடைய அன்பை வைத்தே அவரை வதைக்கலாமா?

காத்திருப்பது எங்களுக்குப் புதிதில்லை. தாலுகா ஆபீஸில் காத்திருக்கிறோம், அரசு மருத்துவமனையில் காத்திருக்கிறோம், எம்.எல்.ஏ. வந்து தாலி எடுத்துக் கொடுக்கும்வரை முகூர்த்தம் தாண்டியும் காத்திருக்கிறோம். பெரியவர் என்றால் தாமதமாகத்தான் வருவார், சின்னவர் என்றால் நிற்கத்தான் வேண்டும் என்று எங்கள் பிள்ளைகளுக்கும் பழக்கிவிட்டோம். இதையெல்லாம் மாற்றுவோம் என்றுதானே மேடைக்கு மேடை பேசுகிறீர்கள்? உங்கள் மேடையிலிருந்தே தொடங்குங்கள்.

கோபத்தில் எழுதினாலும் பணிவாகவே கேட்கிறேன். சொன்ன நேரத்துக்கு வாருங்கள். வர முடியாவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் மைக்கில் உண்மையைச் சொல்லி, "வீட்டுக்குப் போங்கள்" என்று நீங்களே உங்கள் குரலில் சொல்லுங்கள். அந்த அம்மா உள்ளூர்ச் செயலாளர் சொன்னால் கேட்க மாட்டார், நீங்கள் சொன்னால் கேட்பார். பெண்களுக்குக் கழிப்பறை வைத்த பிறகு மேடைக்குப் பந்தக்கால் நடுங்கள். அடுத்த கூட்டத்தின் நோட்டீஸில் நீங்கள் வரும் நேரத்தையும் கழிப்பறை இருக்கும் இடத்தையும் சேர்த்து அச்சடிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கூட்டம் நடக்கும் சாலையில் குடியிருக்கும் ஒரு வாக்காளர்