மாமாவைத் தனியாக விடாத கிள்ளான் மக்களுக்கு ஒரு நன்றி மடல்

அனைவருக்கும் வணக்கம்.

மலேசியாவின் கிள்ளானிலிருந்து ஊர் திரும்பிய மறுநாளே இதை எழுதியிருக்க வேண்டும். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் உட்காருவதும் எழுவதுமாக மூன்று வாரம் ஓடிவிட்டது. நேற்று ராத்திரி சாப்பிடும்போது அம்மா, "அந்தப் புள்ளைங்களுக்கெல்லாம் ஒரு வார்த்தை எழுதிப் போட்டியாப்பா?" என்று கேட்டாள். அதற்கு மேல் தள்ளிப்போட மனசு வரவில்லை.

பணம் கொடுத்த நண்பர்கள் சிலருக்கே முழு விவரம் தெரியாது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மலேசியாவில் இருப்பவர் என் தாய்மாமா, அம்மாவுக்குக் கூடப்பிறந்த ஒரே அண்ணன், வயது 86. 1956இல், மீசை அரும்பும் வயதில், சொந்தக்காரர் ஒருவரோடு நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் போனவர். காப்பார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பல வருடம் பால்மரம் வெட்டினார், அதாவது பட்டையைக் கீறி ரப்பர் பால் எடுக்கும் வேலை. எழுதப் படிக்கத் தெரியும் என்பதால் பிறகு ஸ்டோரில் பால் நிறுத்துக் கணக்கு எழுதப் போட்டார்கள், கடைசியில் கிராணியாகி (தோட்ட எழுத்தர்) ஓய்வு பெற்றார். 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயம் என்று வந்தபோது அவரோடு இருந்த பலர் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். மாமா அங்கேயே நின்றார். குடிமக்களுக்கான நீல அடையாள அட்டை மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை. இன்றைக்கும் அவர் கையில் இருப்பது நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அட்டைதான். நலத்துறையின் முதியோர் உதவித்தொகை குடிமக்களுக்கு மட்டும் என்பதால், கையிருப்பு சேமிப்பும் தாமான் என்கிற குடியிருப்புப் பகுதியில் இருக்கும் அந்த வீடும்தான் அவருக்கு ஆதாரம்.

எங்கள் வீட்டுக்கு அவர் கோடாலித் தைலமும் கம்பளியும் கொண்டுவரும் மாமா. எனக்குக் காது குத்த அவர் மடிதான் வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக இருந்ததால் 1978இல் சிதம்பரம் கப்பலில் வந்து, குத்தி முடித்து, பத்தே நாளில் திரும்பியவர். அத்தை 2021இல் கொரோனாவில் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. பின்கட்டு அறையை ஒருவருக்கு வாடகைக்கு விட்டார். அதன் பிறகு நாங்கள் போன் செய்தால் அந்த ஆள்தான் எடுப்பார், "ஐயா தூங்குறார்" என்பார். நாங்களும் சரி என்று வைத்துவிடுவோம். ஒரு வருடத்துக்கு மேல் அப்படி வைத்திருக்கிறோம். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு கலங்குகிறது.

போன நவம்பரில் எனக்குத் தெரியாத மலேசிய எண்ணிலிருந்து ஒரு அழைப்பு. பேசியது எதிர்வீட்டு அக்காவின் மகள், கல்லூரியில் படிக்கும் பெண். "அங்கிள், உங்க மாமாவ உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போறாங்க. ரெண்டு நாளா பசியாறவே இல்லையாம்." நாட்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து, ராசிபலன் போட்டிருந்த பக்கத்தைத் திருப்பி, பின்னால் என் எண்ணையும் "தங்கச்சி மகன்" என்ற இரண்டு வார்த்தையையும் எழுதி, கேட்டுக் கம்பி வழியாக மாமா நீட்டியிருக்கிறார். அந்தத் தாளை அந்தப் பெண் படமெடுத்து அனுப்பினாள். கணக்கு எழுதிய கை, ஒவ்வொரு எண்ணும் அச்சு மாதிரி இருந்தது.

அந்த எதிர்வீட்டுப் பெண்ணுக்குச் சொல்கிறேன்: நீ எங்களுக்குப் போன் செய்ததோடு நிற்கவில்லை. அரசின் 15999 உதவி எண்ணுக்கும் சொல்லியிருக்கிறாய், உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பாலாய்க்கு (போலீஸ் நிலையம்) போய் ரிப்போர்ட்டும் கொடுத்திருக்கிறாய். அன்று மாலையே போலீஸ் வந்து பூட்டைத் திறக்கச் சொன்னார்கள். அந்த ஆள் கிளம்பிப்போன பிறகு நாங்கள் வந்து சேரும்வரை மூன்று வேளையும் உன் வீட்டிலிருந்துதான் சாப்பாடு போனது. அந்த ரிப்போர்ட் நம்பரை வைத்துத்தான் அப்புறம் பேங்கிலும் லோயரிடமும் எங்களால் வாயைத் திறக்கவே முடிந்தது. அக்கா, உங்கள் பெண்ணை நீங்கள் வளர்த்த விதத்துக்கு எங்கள் குடும்பமே கடன்பட்டிருக்கிறது.

உடனே கிளம்ப முடியவில்லை. அம்மாவிடம் பாஸ்போர்ட்டே கிடையாது. 79 வயதில் தஞ்சாவூர் பாஸ்போர்ட் சேவை மையத்தில் வரிசையில் நின்று தத்கலில் எடுத்தாள். பிறந்த தேதிக்கு ஆதாரம் தேட மட்டும் எங்களுக்கு ஒரு மாதம் போனது, அந்தச் சான்றிதழுக்காகக் கூடவே அலைந்த பட்டுக்கோட்டை நண்பனுக்கு நன்றி. டிக்கெட்டுக்கும் அங்கே செலவுக்கும் பள்ளித் தோழர்கள் சேர்த்துக் கொடுத்த தொகையை ஒருவர்கூட இதுவரை திருப்பிக் கேட்கவில்லை. ஒரு மலேசிய வெள்ளிக்கு (ரிங்கிட்) பத்தொன்பது ரூபாய்க்கு மேல் போய்க்கொண்டிருந்த நேரம் அது. நீங்கள் இல்லாவிட்டால் லோயர் பக்கமே போயிருக்க மாட்டோம்.

2023 டிசம்பர் முதல் நம் ஆட்களுக்கு விசா இல்லாமல் 30 நாள் இருக்க அனுமதி உண்டு. அதுதான் எங்களுக்குப் பெரிய உதவி, அதுவேதான் கெடுவும். ஜனவரி 6ஆம் தேதி நானும் அம்மாவும் திருச்சியிலிருந்து போய் இறங்கினோம். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் அக்கா, பெரியம்மா மகள், ராத்திரி பஸ் பிடித்து எங்களுக்கு முன்னால் வந்து வீட்டைக் கூட்டித் துடைத்து வைத்திருந்தாள். மாமா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சட்டைக்குள் ஆள் இருப்பதே தெரியவில்லை, அவ்வளவு இளைத்திருந்தார். அம்மாவைப் பார்த்ததும் அவர் முதலில் கேட்டது, "பசியாறிட்டியாம்மா?" இரண்டு நாள் பட்டினி கிடந்த மனுஷன் கேட்கிற கேள்வி. அம்மா அப்படியே அவர் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

முதல் வேலை பேங்க். கார்டும் ரகசிய எண்ணும் வேறொருவர் கைக்குப் போயிருந்ததால் பழையதை முடக்கிப் புதியது வாங்க வேண்டும், அதற்கு அவரே நேரில் வந்து கைரேகை வைக்க வேண்டும். 13ஆம் தேதி திங்கட்கிழமை சக்கர நாற்காலியில் கூட்டிப்போனோம். கட்டைவிரலை வைத்தார், இயந்திரம் ஏற்கவில்லை. மறுபடி வைத்தார், ஏற்கவில்லை. ரேகையே தேய்ந்துபோயிருந்தது. மூன்றாவது முறையும் சிவப்பு விளக்கு வந்ததும் மாமா கையை மடியில் வைத்துக்கொண்டு, "நான்தான் இல்லைங்குதா?" என்று கேட்டார். கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் எழுந்து வெளியே வந்து அவர் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, ஈரத் தாளால் விரலைத் துடைத்து, தன் இரண்டு கைக்கும் நடுவில் வைத்துச் சூடு பறக்கத் தேய்த்து, மெதுவாக அழுத்திப் பிடித்தாள். பச்சை விளக்கு வந்தது. அந்தத் தங்கையின் பெயர்கூட எனக்குத் தெரியாது. இதை யாராவது அவளிடம் மலாயில் சொல்ல முடிந்தால் சொல்லுங்கள்.

அடுத்தது பவர் பத்திரம். மாமாவிடம் ஏதோ ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள், மின்சார பில் சம்பந்தமானது என்று சொல்லி. அது வீட்டை விற்கக்கூட அதிகாரம் தரும் பத்திரம். நில அலுவலகப் பதிவேட்டில் தேடிப் பார்த்தோம், கிராண்டு (வீட்டுப் பட்டா) இன்னும் மாமா பெயரிலேயே இருந்தது. அப்போதுதான் மூச்சு வந்தது. சட்ட உதவி மையம் வழியாகக் கிடைத்த லோயர் அம்மா, உட்கார வைத்து எல்லாவற்றையும் தமிழில் விளக்கினார். அங்கே பவர் பத்திரத்தை உயர் நீதிமன்றத்தில் பதிந்தால்தான் செல்லும், ரத்து செய்வதையும் அங்கேயே பதிய வேண்டும். ஆனால் ரத்து செய்கிறவர் தெளிவோடு இருக்கிறார் என்று டாக்டர் சொல்ல வேண்டும், ஏனென்றால் எதிர்த்தரப்பு "பெரியவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது" என்று சொல்லித் திரிந்தது. டாக்டரும் அப்படியே சொல்லிவிட்டால் 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி உயர் நீதிமன்றத்தில் விசாரணை, அதன் பிறகு சொத்தைக் கவனிக்க ஆள் நியமனம் என்று நீளும். எங்கள் கையில் இருந்ததோ அப்போது 17 நாள்.

கிள்ளான் அரசு மருத்துவமனையில் அந்த டாக்டர் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒதுக்கினார். எங்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, தமிழ் நர்ஸ் ஒருவரை மட்டும் கூட வைத்துக்கொண்டு மாமாவிடமே கேட்டார். கதவு கொஞ்சம் திறந்திருந்ததால் காதில் விழுந்தது. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள். "தொண்ணூத்து மூணு, எண்பத்தாறு, எழுபத்தொம்போது" என்று நிறுத்தாமல் இரண்டு வரை போய், "இதுக்கு மேல கடன்தான்யா வாங்கணும்" என்றார் மாமா. முப்பது வருடம் பால் நிறுத்துக் கணக்குப் போட்டவர் ஆயிற்றே. அப்புறம் நர்ஸ், "யார் கூட இருக்க ஆசைப்படுறீங்க, எங்க இருக்க ஆசைப்படுறீங்க தாத்தா?" என்று கேட்டார். அதுவரை எங்களில் ஒருவரும் அவரிடம் அதைக் கேட்கவில்லை. ஊருக்குக் கூட்டிவந்துவிடுவது என்று நாங்களே முடிவு செய்து, பாஸ்போர்ட் இல்லாதவரை எப்படி அழைத்துவருவது என்று கோலாலம்பூர் இந்தியத் தூதரகத்தில் விசாரித்துவிட்டும் வந்திருந்தோம். மாமா சொன்ன பதில், "நான் என் வீட்டுலயே இருக்கேன்மா. அவளை இங்கதான் கடல்ல கரைச்சேன்."

பதினைந்து வருடமாக உங்களுக்கு இந்த வேலை பழகிப்போயிருக்கும் நர்ஸ் அம்மா, ஆனால் அந்த ஒரு கேள்விக்காக உங்களுக்கு நான் எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது. வெளியே வந்ததும் சிங்கப்பூர் அக்கா அழுதுகொண்டே, "சரி, அப்படின்னா அதுக்கு என்ன ஏற்பாடு செய்யலாம்னு பார்ப்போம்" என்றாள். அங்கிருந்துதான் எங்கள் வேலையே மாறியது.

ஊரில் பலர் எங்களைக் கேட்கிறார்கள், "ஏன் கூட்டிட்டு வரல, தனியா விட்டுட்டு வந்துட்டீங்களே" என்று. தனியாக விடவில்லை. பவர் ரத்தாகிப் பதிவாகிவிட்டது, பூட்டெல்லாம் மாற்றியாகிவிட்டது. சாவி ஒன்று ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஐயாவிடம் இருக்கிறது. அவர் காலையில் நடக்கப் போகும்போது எட்டிப் பார்த்து, மாமாவோடு ஒரு கோப்பைத் தேநீர் குடித்துவிட்டுப் போகிறார். மதியச் சாப்பாடு எதிர்வீட்டு அக்கா. பணம் வேண்டாம் என்று சண்டை போட்டு, கடைசியில் மளிகைச் செலவுக்கு மட்டும் என்று ஒப்புக்கொண்டார். முனையில் இருக்கும் சீனப் பெரியவர், மாமா பூட்டிக்கிடந்த நாட்களில் ஜன்னல் வழியாக ரொட்டி கொடுத்தவர், அதற்குக் காசே வாங்க மறுத்துவிட்டார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன், அவரும் அதே மாதிரி கும்பிட்டார், இரண்டு பேருக்கும் பொதுவான பேச்சு அது ஒன்றுதான். அக்கா மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை சிங்கப்பூரிலிருந்து போகிறாள். சித்திரை முடிந்ததும் நானும் என் மனைவியும் போகிறோம்.

அந்த ஆளைப் பற்றி இங்கே எதுவும் எழுதப்போவதில்லை, அதைப் போலீஸ் பார்த்துக்கொள்ளும். கருத்துச் சொல்கிறவர்களும் தயவுசெய்து பெயர் எதையும் இழுக்க வேண்டாம்.

ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. பேங்கில் விரல் ஏற்றுக்கொண்ட அன்று போகி. புதுக் கார்டு கைக்கு வந்ததும் மாமா நூறு வெள்ளி எடுத்துத் தரச் சொன்னார். எதற்கென்று கேட்டால் சொல்லவில்லை. வழியில் தெங்கு கெலானா சாலையில் வண்டியை நிறுத்தச் சொல்லி, கரும்பு, மஞ்சள் கொத்து, ஒரு சேலை என்று அவரே பேரம் பேசி வாங்கினார். மறுநாள் காலை எதிர்வீட்டு வாசலில் பொங்கல் பொங்கியதும் எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்து, மீதியிருந்த பத்து வெள்ளியையும் மேலே வைத்து, அம்மா முன்னால் நீட்டினார். "அறுபத்தெட்டு வருஷமா தபால்லயே அனுப்பிட்டேன், இந்த ஒரு வருஷம் கையில வாங்கிக்க" என்றார்.

அந்தச் சேலையை அம்மா இன்னும் கட்டவில்லை. மாமாவுக்கு இரவு ஒன்பது மணி ஆகும்போது நமக்கு ஆறரை. தினமும் அந்த நேரத்துக்கு அவரே போன் செய்கிறார். இப்போது நாங்கள் எடுத்தால் பேசுவது மாமாதான்.

நன்றியுடன்,
பட்டுக்கோட்டையிலிருந்து அவருடைய தங்கச்சி மகன்