அம்மா ஸ்பீக்கரில் போடாத கடிதம்

ஆக்லாந்து
பிப்ரவரி 18

அன்புள்ள அப்பாவுக்கு,

போன் பண்ணினால் அம்மா உடனே ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். அதனால்தான் இந்தக் கடிதம். படித்ததும் மடித்து உங்கள் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கடலுக்கு மீன் பிடிக்கப் போய் வந்தேன் என்றதும் "கூட யாரு வந்தது?" என்று கேட்டீர்கள். வேலையிடத்து ஆள் ஒருவர் வந்தார் என்றேன். அது பொய். வருவதாகச் சொன்னவருக்கு முந்தின ராத்திரி காய்ச்சல். பெட்ரோல் ஊற்றி, இரை வாங்கி, எல்லாம் தயாராக இருந்தது. ஆறு நாள் கிடங்கில் பெட்டி தூக்கிவிட்டு ஏழாவது நாளும் வீட்டுக்குள் கிடக்க மனசு வரவில்லை. தனியாகவே போனேன்.

படகு நாலரை மீட்டர்தான். அலுமினியம், 40 குதிரைசக்தி எஞ்சின், என்னைவிட நாலைந்து வயது சின்னதாக இருக்கலாம். இங்கே படகுகள் கரையில் கிடப்பதில்லை, வீட்டு வாசலில் டிரெய்லரில் நிற்கும். சிமெண்ட் சரிவில் வண்டியைப் பின்னால் விட்டுத் தண்ணீரில் இறக்க வேண்டும். ஒற்றை ஆளாக நான் தடுமாறியதைப் பார்த்து, வரிசையில் நின்ற ஒரு பெரியவர் இறங்கி வந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டார். நன்றி சொல்வதற்குள் தன் வண்டிக்குப் போய்விட்டார்.

கிளம்பும்போது இன்னும் இருட்டு. துருவ நட்சத்திரத்தை இங்கே பார்க்கவே முடியாது, அப்பா. தென்சிலுவை தலைக்கு மேலேயே நின்றது. ரேடியோவில் கோஸ்ட்கார்டை, அதாவது கடல் மீட்புக் குழுவை, கூப்பிட்டேன். இங்கே அது அரசாங்கப் படை இல்லை, பெரும்பாலும் தன்னார்வலர்கள் நடத்துவது. எங்கே போகிறாய், எத்தனை பேர், எப்போது திரும்புவாய் என்று குறித்துக்கொள்வார்கள். "ஒருவர்" என்று நான் சொன்னது என் காதுக்கே வேறு யாரோ சொன்ன மாதிரி கேட்டது.

லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தேன். அதோடு ஒரு சுருள் கயிறு: ஒரு முனை என் காலில், மறுமுனை எஞ்சின் சுவிட்சில். நான் தவறி விழுந்தால் எஞ்சின் அணைந்துவிடும். இல்லாவிட்டால் படகு என்னை விட்டுவிட்டுத் தன் பாட்டுக்குப் போய்விடும். நீந்திப் பிடிக்க முடியுமா அதை?

ரங்கிட்டோட்டோ என்று ஒரு எரிமலைத் தீவு. சுமார் 600 வருடத்துக்கு முன்பு கடலுக்குள்ளிருந்து வெடித்து எழுந்ததாம். அதைத் தாண்டி 18 மீட்டர் ஆழத்தில் நங்கூரம் போட்டேன். இடத்தைக் கருவி காட்டும். ஆனாலும் பழக்கம் விடவில்லை. தீவின் உச்சியையும் கரையில் ஒரு கோபுரத்தையும் நேர் பார்த்து, நீங்கள் செய்வது போலவே மனசில் குறித்துக்கொண்டேன். கடல் இங்கே ஆறு மணி நேரத்தில் இரண்டரை, மூன்று மீட்டர் ஏறி இறங்கும். நீவாடு, அதாவது நீரோட்டம், அவ்வளவு இழுக்கும். இரைத்தூள் பையை அடியில் தொங்கவிட்டால் வாசனை ஓட்டத்தோடு போகும். தூண்டிலையும் அதே வழியில் லேசாக விட வேண்டும். ஈயம் கூடினால் மீன் தொடாது.

முக்கால் மணி நேரம் ஒன்றுமில்லை. எஞ்சின் சத்தம் இல்லை, பேச ஆளில்லை. படகின் அடியில் தண்ணீர் தட்டுகிற சத்தம் மட்டும். பிறகு தூரத்தில் கானெட் பறவைகள் வந்தன. வெள்ளை உடம்பு, மஞ்சள் தலை. இறக்கையை மடக்கி ஒவ்வொன்றாகக் கல் எறிந்த மாதிரி கடலுக்குள் விழுந்தன. அவற்றுக்கு நடுவே ஓங்கல் கூட்டம், இங்கே டால்ஃபின் என்பார்கள். "அங்க பார்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். யாரிடம் சொன்னேனோ!

நீவாடு தளர்ந்ததும் கடி ஆரம்பித்தது. ஸ்னாப்பர் என்கிற மீன். பார்க்கச் சங்கரா மாதிரி சிவப்பு, மேலெல்லாம் நீலப் பொட்டு. கொத்திவிட்டு நிற்காது, தலையை ஆட்டி ஆட்டி இழுக்கும். பொழுதுபோக்குக்குக் கடலில் பிடிக்க இங்கே லைசென்ஸ் வேண்டாம். ஆனால் இந்தப் பக்கத்துக் கடலில் 30 சென்டிமீட்டருக்குக் குறைந்த ஸ்னாப்பரை வைத்துக்கொள்ளக் கூடாது, ஒரு நாளைக்கு ஒருவருக்கு ஏழுதான். வால் பிளவு வரைக்கும் அளப்பார்கள். ஒன்றைக்கூட விற்கவும் கூடாது. மீறினால் படகையே பறிமுதல் செய்யலாம். 29 வந்த ஒன்றை மூன்று முறை அளந்தேன். நீளவில்லை. கையை நனைத்துக்கொண்டு விட்டுவிட்டேன். நாலு மீனோடு போதும் என்று பட்டது.

இப்போதுதான் அம்மாவுக்குத் தெரியக்கூடாத பாகம். நங்கூரம் அடியில் பாறைப் பாரில் மாட்டிக்கொண்டது. கையால் இழுத்தேன், வரவில்லை. முன்பக்கம் போக சோம்பல்பட்டு, கயிற்றைப் பின்பக்கம் கட்டி எஞ்சினால் இழுத்தேன். திட்டாதீர்கள், தப்பு என்று எனக்கே தெரியும். பின்பக்கம் அழுந்தியது. அதே நேரம் ஒரு கப்பலின் அலை வந்து, பின்பலகையைத் தாண்டித் தண்ணீர் உள்ளே பாய்ந்தது. கணுக்கால் வரைக்கும். இன்னொரு அலை வந்திருந்தால் இந்தக் கடிதம் வந்திருக்காது. கத்தி இடுப்பில் இருந்தது. அறுத்துவிட்டேன். நங்கூரமும் சங்கிலியும் பாதிக் கயிறும் அங்கேயே கிடக்கின்றன.

தண்ணீரை இறைத்து முடித்து ரொம்ப நேரம் கை நடுங்கியது. மதியக் காற்று எழுவதற்குள் கரைக்கு வந்தேன். ரேடியோவில் "திரும்பிவிட்டேன்" என்றதும் அந்தப் பக்கம் ஒரு பெண் "நல்லது" என்றாள், அவ்வளவுதான்.

புது நங்கூரம் வாங்க வேண்டும். சங்கிலியை நங்கூரத்தின் கொக்கி இருக்கும் முனையில் கட்டி, தண்டின் மறுமுனையோடு மெல்லிய கயிற்றால் ஒரு கட்டுப் போடுவீர்களே, மாட்டினால் அந்தக் கட்டு அறுந்து தலைகீழாக வெளியே வருமே, அதற்கு எவ்வளவு தடிமன் கயிறு? சீக்கிரம் அறுந்தாலும் தப்பு, அறாவிட்டாலும் தப்பு. ஒரு தாளில் படம் போட்டுத் தங்கையிடம் கொடுங்கள், அவள் போட்டோ எடுத்து அனுப்புவாள். எதற்கு என்று அம்மா கேட்டால், ஏதாவது சொல்லிக்கொள்ளுங்கள்.

உங்கள் மகன்