பத்தடி உயரத்தில் இஞ்சின் இழுக்காவிட்டால்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் பயிருக்கு மருந்து தெளிக்கும் விமானங்களின் விபத்துகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மின்கம்பியில் மோதுவதைப் பற்றி விரிவாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் பறக்கும்போதே இஞ்சின் சக்தி இழப்பதை 'எதிர்பாராத கோளாறு' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். விமான இஞ்சின்களைக் கழற்றி மாட்டியே காலம் கழித்த எனக்கு அந்த வரி உறுத்தியது. அந்தக் கோளாறுகளில் பல, தரையிலேயே பிடித்துவிடக் கூடியவை.

பயணிகள் விமானத்தில் இஞ்சின் நின்றால் உயரம் கைகொடுக்கும், யோசிக்க நேரம் கிடைக்கும். மருந்து விமானமோ பயிருக்குப் பத்தடி மேலே, மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் கூடுதலான வேகத்தில் போகிறது. ஏர் டிராக்டர் 502 என்ற மருந்து விமானத்தின் மருந்துத் தொட்டி 500 கேலன், அதாவது சுமார் 1,900 லிட்டர் கொள்ளும். அந்தச் சுமையோடு இஞ்சின் இழுக்காமல் போனால், விமானி உடனே மருந்தைக் கொட்டிவிட்டு எதிரே தெரியும் வயலில் இறக்கப் பார்க்க வேண்டும். ஊர்களுக்கு மேல் தெளிக்கும் விமானங்கள் பாதிச் சுமையையாவது 45 நொடிக்குள் கொட்ட முடிய வேண்டும் என்று அமெரிக்க விதி சொல்கிறது. பத்தடி உயரத்தில் 45 நொடிக்கு எங்கே போவது?

அதனால்தான் எரிபொருளிலிருந்து தொடங்க வேண்டும் என்கிறேன். வயலோரத் தற்காலிக ஓடுதளங்களில், வண்டியில் கொண்டுவந்த டாங்கிலிருந்துதான் பெரும்பாலும் எரிபொருள் நிரப்புகிறார்கள். இரவுக் குளிரில் டாங்கின் உட்சுவரில் ஈரம் படிந்து தண்ணீர் சேரும். எரிபொருளைவிடக் கனமான தண்ணீர் அடியில் தங்கும். காலையில் வடிகுழாயைத் திறந்து கொஞ்சம் கண்ணாடிக் குப்பியில் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒரு நிமிட வேலை. அப்புறம் இன்னொன்று: அடுத்த நடைக்குப் போதும் என்று குறைந்த எரிபொருளோடு கிளம்புவது. வயல் கடைசியில் வேகமாகத் திரும்பும்போது விமானம் பக்கவாட்டில் சறுக்கினால், இருக்கிற கொஞ்சமும் டாங்கின் ஓரத்துக்கு ஒதுங்கி, குழாய் காற்றை உறிஞ்சிவிடலாம்.

மருந்து விமானங்களில் பரவலாக உள்ள பிடி6 போன்ற டர்பைன் இஞ்சின்களில் (சூடான வாயு சக்கர இதழ்களைச் சுழற்றி ஓடுபவை) வேறொரு சிக்கல். எவ்வளவு எரிபொருள் விடலாம் என்று தீர்மானிக்கும் கருவி, இஞ்சினுக்குள் காற்றை அழுத்தும் கம்ப்ரசரின் காற்றழுத்தத்தை ஒரு மெல்லிய குழாய் வழியாக உணர்கிறது. அந்தக் குழாயில் விரிசல் கண்டாலோ, இணைப்பு தளர்ந்தாலோ, அழுத்தமே குறைந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு கருவி எரிபொருளைக் குறைத்துவிடும். இஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் இழுக்காது. விமானி லிவரை முழுவதும் தள்ளினாலும் பயனில்லை. ஒரே நாளில் பத்து, இருபது முறை முழுச் சக்தியில் ஏறி இறங்குவதால் டர்பைன் இதழ்களும் சூடாகி ஆறி, சூடாகி ஆறிச் சோர்ந்துபோகின்றன. ஓடிய மணிக்கணக்கை மட்டும் பார்த்தால் இந்தத் தேய்மானம் முழுதாகத் தெரியாது, எத்தனை முறை ஏறியது என்பதையும் எண்ண வேண்டும்.

2013ஆம் ஆண்டின் 78 விவசாய விமான விபத்துகளை ஆராய்ந்து, அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2014இல் அறிக்கை வெளியிட்டது. ஆட்களின் களைப்பும் குறைபட்ட பராமரிப்பும் அதில் முக்கியமாகச் சொல்லப்பட்டவை. பருவம் வந்தால் விடியுமுன்பே வேலை தொடங்கிவிடும். மழைக்கு முன்னே முடித்தாக வேண்டும் என்று விவசாயி நெருக்குவார். அந்த அவசரத்தில் முதலில் விட்டுப்போவது குப்பியில் எரிபொருள் பிடித்துப் பார்க்கும் அந்த ஒரு நிமிடம்தான்.

விமானியைக் காப்பாற்ற நல்ல யோசனைகள் இல்லாமல் இல்லை. 1950இலேயே அமெரிக்க விமான வடிவமைப்பாளர் ஃபிரெட் வெய்க், விவசாயத்துக்கென்றே உருவாக்கிய ஏஜி-1 விமானத்தில் விமானியை இஞ்சினுக்குப் பின்னால் உயரத்தில் உட்காரவைத்தார். மோதினால் முன்பகுதி நசுங்கி அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும். பைப்பர் பானி என்ற மருந்து விமானத்தின் பழைய ரகங்களில் எரிபொருள் டாங்க் உடற்பகுதியிலேயே இருந்தது. பிறகு வந்த ரகத்தில் அதை இறக்கைகளுக்கு மாற்றினார்கள். இதெல்லாம் விழுந்த பிறகு பிழைப்பதற்கு.

விழாமல் தடுக்கும் மெக்கானிக்குகளையும் எரிபொருள் நிரப்பும் பையன்களையும் பற்றி அந்தக் கட்டுரையில் ஒரு பத்திகூட இல்லை. அவர்களுடைய வேலை நேரம், பயிற்சி பற்றியும் ஒரு கட்டுரை எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமான இஞ்சின் மெக்கானிக்,
ஓசூர்