அந்தக் கடிதத்திலேயே தொலைபேசி எண் இருந்தது

எங்கள் மஹல்லா ஜமாஅத் தலைவர், செயலாளர், நிர்வாகக் குழுவினர், பேஷ் இமாம் ஹஜ்ரத் ஆகியோருக்கும், ஜமாஅத் வாட்ஸ்அப் குழுவை நடத்தும் சகோதரர்களுக்கும்,

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.

ரமலான் முடிந்து பெருநாளும் போய்விட்டது. ஷவ்வால் ஆறு நோன்பையும் உங்களில் பலர் பிடித்து முடித்திருப்பீர்கள். நீங்களாகவே ஏதாவது சொல்வீர்கள் என்று இத்தனை நாள் பொறுத்திருந்தேன். ஒரு ஜும்ஆ போனது, இன்னொன்று போனது, நான்காவதும் போய்விட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

எதைப் பற்றி என்று விளக்கத் தேவையில்லை. 23ஆம் நோன்பு அன்று நம் தெருக்களில் உதவி கேட்டு வந்த வெளியூர்ப் பெண்ணின் படம் உங்கள் எல்லோருடைய கைபேசிக்கும் வந்தது. உங்களில் சிலருடைய கைபேசியிலிருந்துதான் மற்றவர்களுக்கும் போனது. "போலி ஜமாஅத் கடிதம் வச்சு ஜகாத் வசூல் பண்றாங்க, உஷார், எல்லா மஹல்லாவுக்கும் ஷேர் பண்ணுங்க" என்று அதோடு ஒரு குரல் பதிவு.

அந்தப் படத்தை நான் பல தடவை பார்த்துவிட்டேன். நீங்களும் ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள். கடை வாசலில் நிற்கிறார். தோளில் துணிப்பை. கடிதத்தை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேராகப் பிடித்திருக்கிறார். எழுத்து மறைந்துவிடக் கூடாது என்று விரல்களைக்கூட ஓரத்தில் ஒதுக்கி வைத்திருக்கிறார். ஏன் அப்படிப் பிடித்தீர்கள் என்று பிறகு அவரிடமே கேட்டேன். "குரூப்ல போட்டா யாராச்சும் உதவுவாங்கன்னு அந்தத் தம்பி சொன்னாரு லாத்தா. அதான் நல்லாத் தெரியட்டும்னு புடிச்சேன்" என்றார்.

கடிதத்தின் கீழே அந்த ஊர் ஜமாஅத்தின் முத்திரை இருக்கிறது, செயலாளர் கையெழுத்து இருக்கிறது, இரண்டு தொலைபேசி எண்கள் இருக்கின்றன. பத்து இலக்கமும் தெளிவாகப் படிக்க முடிகிறது. போலிக் கடிதம் என்று குரல் பதிவு செய்தவர் கையில் அந்த எண் இருந்தது. அதைக் குழுவில் போட்டவர் கையில் இருந்தது. வாங்கி அனுப்பிய ஒவ்வொருவர் கையிலும் இருந்தது. ஒருவர்கூட அழைக்கவில்லை.

மறுநாள் காலை நான் அழைத்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார் அந்தச் செயலாளர். "எங்க மஹல்லாப் பிள்ளைதாம்மா. கடிதம் நான்தான் எழுதிக் கொடுத்தேன். மாப்பிள்ளைக்கு ரெண்டு கிட்னியும் போச்சு, வாரத்துல மூணு நாள் டயாலிசிஸ்" என்றார். பேசி முடிக்க மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

அந்த மூன்று நிமிடத்தை நாம் செலவிடாததால் என்ன ஆனது என்பதை நிர்வாகத்தில் யாரும் போய் விசாரிக்கவில்லை. நான் போனேன், அதனால் சொல்கிறேன். அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு அவர் பக்கத்து ஊருக்குப் போயிருக்கிறார். அவருக்கு முன்னால் நம் செய்தி அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. பள்ளிவாசல் வாசலில் நாலைந்து பேர் சூழ்ந்து நின்று கைபேசியை அவர் முகத்துக்கு நேரே நீட்டியிருக்கிறார்கள். பையைக் கொட்டிக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். மருந்துச் சீட்டு, ஒரு பொட்டலம் பேரீச்சம்பழம், கொஞ்சம் சில்லறை, கணவருடைய ஆஸ்பத்திரி நோட்டு. எல்லாம் தரையில். பொறுக்கி எடுத்துக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறார். நோன்பு திறந்தது பஸ்ஸில், வெறும் தண்ணீரில்.

வீட்டுக்குப் போனால், ப்ளஸ் டூ படிக்கும் மகளுக்கு அவள் தோழிகளின் குழு வழியாக அதே படம் வந்திருக்கிறது. "உங்க அம்மாவாடி இது?" என்ற கேள்வியோடு. இனிமேல் எந்த ஊருக்கும் போகக் கூடாது என்று அந்தப் பிள்ளை அழுது சத்தியம் வாங்கிவிட்டாள். தாய் போகவில்லை. ஆஸ்பத்திரியில் டயாலிசிஸுக்குப் பணம் கேட்பதில்லை. போய்வர ஆட்டோவுக்கும் வெளியில் வாங்கும் மருந்துக்கும்தான் அவர் அலைந்தது. பெருநாளுக்கு முந்தைய வாரம் ஆட்டோவுக்குக் காசில்லாமல் கணவருக்கு இரண்டு முறை டயாலிசிஸ் விட்டுப்போனது. உடம்பெல்லாம் நீர் கோத்து, மூச்சு வாங்கி, கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர்தான் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். அவர் முஸ்லிம் அல்லர்; நம் குழுவில் இல்லை.

நான் சொல்லி, நம் குழுவில் அந்தப் பதிவு நீக்கப்பட்டது. "அதான் டெலீட் பண்ணிட்டோமே" என்பதுதான் இன்றுவரை எனக்குக் கிடைத்த பதில். நம் குழுவில் அழித்தால் நம் குழுவில் மட்டும்தான் அழியும். நான் எண்ணை அழைத்த அன்று காலையிலேயே அந்தப் படத்தின் மேல் இரட்டை அம்புக்குறி விழுந்திருந்தது. குறைந்தது ஐந்து கை மாறியிருந்தால்தான் அது விழும். அந்தக் கைகளுக்கெல்லாம் போன பொய் அப்படியே இருக்கிறது.

எனக்கும் இதில் ஒரு குற்றம் உண்டு. தராவீஹ் தொழுகை முடிந்து வந்து படத்தைப் பார்த்தேன். பகலில் என் வீட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டுப் போன முகம் என்று உடனே தெரிந்தது. அனுப்பவில்லை, ஆனால் "இது பொய்யாக இருக்கலாம், நிறுத்துங்கள்" என்று சொல்லவும் இல்லை. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன். நபியவர்களின் மனைவி ஆயிஷா (ரலி) அவர்கள்மீது அவதூறு கிளம்பியபோது இறங்கிய வசனங்களில், அதைப் பரப்பியவர்களை மட்டுமா அல்லாஹ் கேட்கிறான்? கேள்விப்பட்ட உடனே முஃமினான ஆண்களும் பெண்களும் தங்களைப் பற்றி நல்லெண்ணம் கொண்டு "இது அப்பட்டமான அவதூறு" என்று ஏன் சொல்லவில்லை என்றுதான் கேட்கிறான் (24:12). பதினான்கு வருடமாகப் பெண்கள் மதரஸாவில் ஓதிக்கொடுக்கிறேன். அந்த இரவு அந்த வசனம் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

அதே சூராவின் 15ஆம் வசனத்தைப் பாருங்கள். செய்தியை யாரும் காதால்தான் வாங்குவார்கள். ஆனால் அல்லாஹ், "நீங்கள் அதை உங்கள் நாவுகளால் வாங்கினீர்கள்" என்கிறான். காதில் விழுந்து, மனதில் ஒரு கணம் நின்று, அப்புறம் வாய்க்கு வருவதுதானே முறை. நடுவில் எதுவுமே இல்லாமல் நாவிலிருந்து நாவுக்குத் தாவியது என்று பொருள். இன்று நாவுக்குப் பதில் பெருவிரல். "நீங்கள் அதை லேசாக நினைத்தீர்கள், அல்லாஹ்விடமோ அது மிகப் பெரியது" என்று அந்த வசனம் முடிகிறது.

செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்ற ஹுஜுராத் சூராவின் 6ஆம் வசனத்தைக் குழுவில் நான் போட்டபோது ஒரு சகோதரர், "அது ஃபாஸிக் (தீயவன்) கொண்டுவரும் செய்தியைப் பற்றியது, இதை அனுப்பியவர் ஹாஜியார்" என்று பதில் எழுதினார். அந்த வசனம் எதற்காக இறங்கியது என்று தஃப்ஸீர்களில் (குர்ஆன் விளக்கவுரைகளில்) சொல்லப்பட்டிருப்பதை அவர் ஹஜ்ரத்திடம் கேட்டுப் பார்க்கட்டும். பனூ முஸ்தலிக் கூட்டத்தாரிடம் ஜகாத் வசூலிக்க வலீத் இப்னு உக்பாவை நபி (ஸல்) அவர்கள் அனுப்புகிறார்கள். வரவேற்கத் திரண்டு வந்தவர்களைத் தாக்க வருகிறார்கள் என்று பயந்து அவர் பாதியிலேயே திரும்பிவிடுகிறார். ஜகாத் தர மறுத்தார்கள், கொல்லப் பார்த்தார்கள் என்று மதீனாவில் சொல்கிறார். அதை அப்படியே நம்பியிருந்தால் ஒரு கூட்டத்தின் மேல் படை போயிருக்கும். செய்தி கொண்டுவந்தவர் தெருவில் போகிற யாரோ அல்லர், அதிகாரப்பூர்வமாக அனுப்பப்பட்டவர். அப்படியும் தீர விசாரியுங்கள் என்றுதான் கட்டளை வந்தது: அறியாமல் ஒரு கூட்டத்துக்குத் தீங்கு செய்துவிட்டு, செய்ததற்காகப் பிறகு வருந்துவீர்கள் என்று. "ஃபதபய்யனூ", தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். இன்னொரு கிராஅத்தில் (ஓதும் முறையில்) "ஃபதஸப்பதூ", அவசரப்படாமல் உறுதிசெய்துகொள்ளுங்கள். இரண்டில் எதை எடுத்தாலும் அந்தப் பத்து இலக்க எண்ணைத்தான் அது நமக்குக் காட்டியிருக்கும்.

"உண்மையான்னு தெரியல, எதுக்கும் அனுப்பி வைக்கிறேன்." "வந்ததை அப்படியே அனுப்பினேன்." இந்த இரண்டு வாக்கியமும் நம் குழுவில் எத்தனை தடவை வந்திருக்கிறது என்று எண்ணவே முடியாது. கேட்டதையெல்லாம் சொல்வதே ஒரு மனிதன் பொய்யன் என்பதற்குப் போதும் என்ற ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமின் முன்னுரையிலேயே இருக்கிறது. சொந்தமாகப் பொய் சொல்ல வேண்டும் என்றுகூட இல்லை. கேட்டதை எல்லாம் சொன்னாலே போதும். "வந்ததை அப்படியே அனுப்பினேன்" என்பதை நாம் சமாதானமாகச் சொல்கிறோம். இந்த ஹதீஸ்படி அது குற்றத்தை ஒப்புக்கொள்வது.

இதைச் சொல்லும்போது வேறு சிலதும் மனதில் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வருடமும் "ரமலான் செய்தியை முதலில் சொல்பவருக்கு நரகம் ஹராம்" என்று நபி (ஸல்) பெயரிலேயே ஒரு பொய் நம் குழுவில் வருகிறது. அதற்கு "மாஷா அல்லாஹ்" என்று முப்பது பேர் எழுதுகிறார்கள். இஸ்னாத் (யார் யாரிடம் கேட்டுச் சொன்னார்கள் என்ற தொடர்) மார்க்கத்தில் உள்ளது, அது இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் சொல்லிவிடுவார்கள் என்றார் அப்துல்லாஹ் இப்னுல் முபாரக் (ரஹ்). ஒரு ஹதீஸுக்காக, சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், அந்த இருவரும் சந்தித்தார்களா என்றெல்லாம் ஊர் ஊராகப் போய் விசாரித்த சமுதாயம் இது. நாம் இருந்த இடத்தில் இருந்தபடியே ஒரு எண்ணை அழுத்தவில்லை.

பொய்ச் செய்தியின் வலி தெரியாதவர்களும் அல்லவே நாம். 2020இல் கொரோனா நேரத்தில் தப்லீக் ஜமாஅத்தின் டெல்லி மர்கஸை வைத்து நம்மீது எவ்வளவு பழைய வீடியோக்கள் சுற்றின, எச்சில் துப்புகிறார்கள் என்றார்கள், காய்கறி வண்டிக்காரரை ஊருக்குள் விடாமல் திருப்பி அனுப்பினார்கள். அந்த ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, வெளிநாட்டு ஜமாஅத்தினர் பலிகடா ஆக்கப்பட்டார்கள் என்றே சொன்னது. அதைக் கேட்டபோது நாம் கண்கலங்கினோம். அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் குலதெய்வக் கோயிலுக்கு வந்த 65 வயது அம்மா ஒருவர் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர் என்று அடித்தே கொன்றார்கள். அவர்கள் கையிலும் இருந்தது இப்படி ஒரு வாட்ஸ்அப் செய்திதான். பள்ளிவாசல் வாசலில் அந்தப் பெண்ணைச் சூழ்ந்து நின்ற நாலைந்து பேரில் ஒருவர் கை ஓங்கியிருந்தால்? அதை நினைத்தால் எனக்கு இன்னும் தூக்கம் வருவதில்லை.

சரி, கேட்க வந்ததைக் கேட்கிறேன். நபி (ஸல்) அவர்கள் தம் மனைவியரைத் தலாக் சொல்லிவிட்டார்கள் என்று மதீனாவில் ஒரு பேச்சு கிளம்பியது. உமர் (ரலி) அவர்களுக்கு அதைச் சொன்னவர் நம்பிக்கையான அண்டை வீட்டுக்காரர். பள்ளிக்குப் போனால் அங்கும் எல்லோரும் அதையேதான் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அப்படியும் அவர் நம்பிவிடவில்லை. மாடி அறையில் இருந்த நபியவர்களிடம் அனுமதி கேட்டுப் போய், நேரடியாகக் கேட்டார். "இல்லை" என்று பதில் வந்தது. மக்களுக்கு இதைச் சொல்லட்டுமா என்று அதற்கும் அனுமதி வாங்கிக்கொண்டு இறங்கி வந்து, பள்ளிவாசல் வாசலில் நின்று உரத்த குரலில் அறிவித்தார்.

நான் கேட்பது இந்த இரண்டும்தான். முதலில் கேட்பது, அப்புறம் பள்ளிவாசல் வாசலில் சொல்வது.

ஒருவருடைய முகமோ பெயரோ உள்ள எந்த எச்சரிக்கையும், ஜமாஅத் அலுவலகத்திலிருந்து யாராவது சம்பந்தப்பட்டவர்களிடம் பேசி உறுதிசெய்யும்வரை குழுவில் வரக் கூடாது என்று தீர்மானம் போடுங்கள். மோசடிக்காரர்கள் வருவதே இல்லை என்று நான் சொல்லவில்லை. வருகிறார்கள். அவர்களைப் பிடிப்பதற்கும் அந்தத் தொலைபேசி எண்ணைத்தானே அழைக்க வேண்டும்? இளைஞர்கள் ஆர்வத்தில் செய்ததை நான் பெரிதாக்குகிறேன் என்று ஒரு நிர்வாகி என் கணவரிடம் சொன்னாராம். யாரையும் தண்டிக்க நான் கேட்கவில்லை, குரல் பதிவு செய்த பிள்ளையின் பெயரை எங்கும் சொல்லவும் இல்லை. அவன் என்னிடம் அலிஃப் பா ஓதிய பிள்ளைதான்.

ஆனால் திருத்தம் வேண்டும். அந்தக் கடிதம் உண்மையானது, அந்தப் பெண்ணைப் பற்றி நம் மஹல்லாவிலிருந்து போன செய்தி தவறு, அதற்காக வருந்துகிறோம் என்று ஜும்ஆவில் அறிவியுங்கள். அதே வாசகத்தை லெட்டர்பேடில் அடித்து, முத்திரை வைத்து, சுற்றியுள்ள ஜமாஅத்துகளுக்கு அனுப்புங்கள். படம் எந்தெந்தக் குழுவுக்குப் போனதோ அந்தக் குழுக்களுக்கெல்லாம் இதுவும் போகட்டும். இத்தனை பேருக்குப் பொய்யை அனுப்ப முடிந்த நமக்கு உண்மையை அனுப்பவும் முடியும்.

அறிவிப்புக்கான வாசகத்தை எழுதிச் செயலாளர் வீட்டில் கொடுத்திருக்கிறேன். ஐந்து வரிதான். அந்தப் பெண்ணின் பெயரை அதில் எழுதவில்லை. அவர் வேண்டாம் என்றார். மகளிடம் காட்ட மட்டும் முத்திரை வைத்த ஒரு பிரதி கேட்டார். அதையும் தயவுசெய்து கொடுங்கள்.

வரும் வெள்ளிக்கிழமை மாடியில் நாங்கள் பெண்கள் எல்லோரும் இருப்போம், இன்ஷா அல்லாஹ். சென்ற வாரம் பயான் பாதியிலேயே மேலே சத்தம் வரவில்லை. அந்த ஒலிபெருக்கி இணைப்பை மோதினார் வியாழக்கிழமையே ஒருமுறை பார்த்து வைத்தால் நல்லது.

வஸ்ஸலாம்,
மஹல்லாவைச் சேர்ந்த ஒரு சகோதரி