மாமா பேஸ் கிட்டாருக்குக் குழி எங்கே வெட்டுவது?

அன்புள்ள தம்பிக்கு,

மாமாவின் பேஸ் கிட்டாரில் பிக்கப்பை, அதாவது தந்தி ஆடுவதைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்புகிற காந்தச் சுருளை, எங்கே வைப்பது என்று நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். இரண்டு பிக்கப், அளவெல்லாம் போட்டு அழகாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஆசாரியை இன்னும் உளி வைக்க விடவில்லை. போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

மாமாவின் பேஸ் இப்போது வியாசர்பாடியில், நம் வைண்டிங் கடை மேஜைமேல் கிடக்கிறது. 1985-ல் மூர் மார்க்கெட் எரிவதற்கு முன்னால் அங்கே வாங்கியது. காசிமேட்டு உப்புக்காற்று ஸ்க்ரூவை எல்லாம் தின்றுவிட்டது. பழைய பிக்கப்பை மீட்டரில் வைத்தால் முள் அசையவில்லை. பிரித்துப் பார்த்தேன், பற்ற வைத்த இடத்தில் செம்பு பச்சை பூத்துக் கம்பி அறுந்திருக்கிறது. ஃபேனுக்கு நான் கட்டுகிற 36 கேஜ் கம்பி 0.19 மில்லிமீட்டர் கனம். இதில் இருப்பது 0.06 சொச்சம்தான், மூச்சுவிட்டால் பறக்கிறது. கட்ட முடியாது என்றில்லை. கட்டி அதே குழியில் வைக்கத்தான் எனக்கு இஷ்டமில்லை.

அந்தக் குழி நெக், அதாவது விரல் வைத்து அழுத்துகிற கழுத்து, முடிகிற இடத்தை ஒட்டி இருக்கிறது. கிப்ஸன் கம்பெனி 1959-ல் கொண்டுவந்த ஈபி-0 பேஸிலும் பிக்கப் அங்கேதான். சத்தம் கும்மென்று வரும், சுரம் எது என்று பிடிபடாது. கல்யாண மண்டபத்தில் மாமா வாசித்தால் தரை அதிரும், என்ன வாசிக்கிறார் என்று கீபோர்டுக்காரருக்கே தெரியாது. உனக்கும் ஞாபகம் இருக்கும்.

மொட்டைமாடியில் கொடிக்கயிற்றைப் பிடித்து உதறினால் நடுவில்தான் பெரிதாக ஆடும், முடிச்சுப் பக்கம் அசைவே இருக்காது. தந்தியின் அடிச்சுரமும் அப்படித்தான். ஆனால் தந்தி முழுசாக ஆடும்போதே இரண்டாக, மூன்றாக, நாலாகப் பிரிந்தும் ஆடுகிறது. தந்தியின் கீழ்முனையைத் தாங்குகிற பிரிட்ஜ் பக்கம் போகப் போக முழு ஆட்டம் சிறுத்து, இந்தச் சின்ன ஆட்டங்களின் பங்கு கூடிவிடும். பிரிட்ஜ் ஓரத்து பிக்கப்பில் சத்தம் குறைந்து, மெலிந்து, கணீரென்று வருவது அதனால்தான். பிக்கப் தன் தலைக்கு நேரே நடப்பதை மட்டும்தான் எடுக்கும். அது எடுக்காமல் விட்டதை டோன் நாப் திருகிக் கொண்டுவர முடியாது. அந்த நாபுக்கு வெட்டத்தான் தெரியும்.

இப்போது உன் படத்துக்கு வருகிறேன். முன் பிக்கப்பை 24-வது ஃபிரெட் (நெக்கில் குறுக்கே பதித்த கம்பி) வரவேண்டிய இடத்தில் வைத்தால் ஹார்மோனிக், அதாவது அந்தச் சின்ன ஆட்டத்தின் சுரம், நன்றாக விழும் என்று குறித்திருக்கிறாய். நெக்கின் மேல்முனையில் தந்தி உட்காரும் நட்டிலிருந்து, தந்தியின் சரிபாதியான 12-வது ஃபிரெட் வரை அளந்தேன், 17 அங்குலம். அப்படியானால் தந்தி நீளம் 34, நீ சொல்லும் இடம் அதில் கால்வாசி, பிரிட்ஜிலிருந்து 8.5 அங்குலம். தந்தி நாலாகப் பிரிந்து ஆடும்போது அசையாமல் நிற்கிற இடம் அது. அங்கே வைத்தால் அந்த ஹார்மோனிக் போய்விடும், வராது. அதுவும் விரல் வைக்காத தந்திக்கு மட்டும்தான். மூன்றாவது ஃபிரெட்டை அழுத்தினாலே ஆடுகிற நீளம் 28.6 அங்குலமாகிவிடும், அசையாத இடமும் 7.15-க்கு நகர்ந்துவிடும். பாட்டு முழுக்க விரல் நடந்துகொண்டே இருக்கும்போது எந்த ஃபிரெட்டுக்கு என்று குழி வெட்டுவது?

இடத்துக்கு மதிப்பில்லை என்று சொல்லவில்லை. ஃபெண்டர் கம்பெனி 1960-ல் ஜாஸ் பேஸைக் கொண்டுவந்தது. 70-களில் அதன் பின் பிக்கப்பை பிரிட்ஜ் பக்கம் 0.4 அங்குலம், அதாவது ஒரு சென்டிமீட்டர் தள்ளினார்கள். அந்த ஒரு சென்டிமீட்டரை இன்றைக்கும் காதால் பிரித்துச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் படத்தை நம்பி வெட்ட மனசு வரவில்லை, காதால் கேட்டுப் பார்த்தோம்.

உன் மாமா ட்ரூப்பில் யாரிடமோ ஒரு பிக்கப் இரவல் வாங்கி வந்தார். குழி இல்லாமல் தந்திக்குக் கீழே அது நுழையாது. பிக்கப்புக்கு மேல் என்ன, கீழ் என்ன, காந்தம் தந்தியைப் பார்த்தால் போதும். இரண்டு கட்டை வைத்து மேலே ஒரு பட்டை போட்டு, பிக்கப்பைத் தலைகீழாக ஒட்டி, தந்திக்கு 3 மில்லிமீட்டர் மேலே தொங்கவிட்டேன். ஓரத்தில் டேப் ஒட்டி பென்சிலால் கோடு போட்டுக்கொண்டோம். அளவை பிரிட்ஜ் தகட்டிலிருந்து எடுக்காதே, தந்தி உட்காரும் சேடிலிலிருந்து எடு. மாமா விரல் போடும் இடத்துக்கும் சாக்பீஸில் ஒரு கோடு. கை நகர்ந்தாலும் சத்தம் மாறும், அப்புறம் எதனால் மாறியது என்றே தெரியாது.

மாமா ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தார், நான் பட்டையை நகர்த்தினேன். சேடிலிலிருந்து 3 அங்குலத்தில் தகரம் தட்டின மாதிரி சத்தம். 4-ல் பரவாயில்லை, ஆனால் மெல்லிய இரண்டு தந்தியின் சத்தமும் ஒல்லி. 7-ல் வீட்டுக்குள் உட்கார்ந்து கேட்க இனிமையாக இருந்தது. பக்கத்து லேத் ஓட ஆரம்பித்ததும் அந்த இரைச்சலில் கலந்து காணாமல் போய்விட்டது. ஐந்தரைக்குக் கொண்டுவந்தபோதுதான் லேத் ஓட ஓட ஒவ்வொரு அடியும் தனியாகக் கேட்டது. மேடையில் டிரம்மும் கீபோர்டும் அந்த லேத்தைவிடவா அமைதி? ஃபெண்டரின் ப்ரிசிஷன் பேஸில் 1957-லிருந்து பிக்கப் ஏறக்குறைய இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று மாமா அப்புறம்தான் சொன்னார், கள்ளன்.

அந்த 1957 பிக்கப்பையே போடலாம் என்பது என் கட்சி. அதில் காயில், அதாவது கம்பிச் சுருள், இரண்டு துண்டு. ஒன்று இரண்டு தடித்த தந்திக்கு, மற்றது இரண்டு மெல்லிய தந்திக்கு. ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுற்றி, காந்தத்தையும் திருப்பி வைத்திருப்பார்கள். தந்திச் சத்தம் கூடும், வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துவிடும். பெரம்பூர் லூர்து மாதா திருவிழாச் சமயத்தில் தெருவெல்லாம் சீரியல் லைட்டு, ஜெனரேட்டர், டியூப்லைட்டு, எல்லாம் பிக்கப்பில் "ம்ம்ம்" என்று இரையும். நீ கேட்கிற இரண்டு தனிக் காயிலில், எதிரெதிராகச் சுற்றியதாகவே இருந்தாலும், இரண்டையும் சமமாகத் திறந்தால்தான் அந்த "ம்ம்ம்" அடங்கும். ஒன்றைக் குறைத்தால் திரும்ப வந்துவிடும். அதோடு இரண்டும் வேறு வேறு இடத்திலிருந்து கேட்பதால் நடுச்சத்தத்தில் சிலது ஒன்றையொன்று தின்றுவிடும். தனியாகக் கேட்டால் அந்தச் சத்தம் அழகுதான், இல்லை என்று சொல்லமாட்டேன். எனக்குப் பிடித்தது ஒரே குழி.

இன்னொன்று, நீ கட்டைவிரலை பிக்கப்மேல் ஊன்றி வாசிக்கிறவன். பிக்கப் எங்கேயோ கையும் அங்கே. பிரிட்ஜ் பக்கம் போனால் தந்தி விரலுக்கு விறைப்பாக இருக்கும். இரண்டு மணி நேரக் கச்சேரியில் மணிக்கட்டு சொல்லும்.

நீ முடிவு செய்ய வேண்டியது ஒன்றுதான். வழக்கமாகத் தடித்த தந்திகளின் துண்டு நெக் பக்கம், மெல்லியவற்றின் துண்டு பிரிட்ஜ் பக்கம் இருக்கும். அதை மாற்றிப் போட்டால் தடித்த தந்தி இறுகித் தெளியும், மெல்லியது கொஞ்சம் சதை பிடிக்கும். எனக்கு அதுதான் சரி என்று படுகிறது. மாமா "பழைய மாதிரியே இருக்கட்டும் அக்கா" என்கிறார். வாசிக்கப்போவது நீ.

பிக்கப் வாங்கும்போது அந்த இடத்தில் முதல் தந்திக்கும் நாலாவதுக்கும் இடைவெளி எவ்வளவு என்று கேள், அளந்து சொல்கிறேன். ஒவ்வொரு தந்தியும் தன் இரண்டு காந்தத்துக்கு நடுவில் ஓட வேண்டும். இரண்டாவது பிக்கப்புக்கு வைத்திருந்த காசில் ஒரு நல்ல தந்தி செட் வாங்கி அனுப்பு, இதில் இருப்பது துருப்பிடித்து விரலைக் கீறுகிறது. ஆசாரி சனிக்கிழமை வருகிறார். நேராகவா, மாற்றியா என்று வெள்ளிக்குள் சொல். இரண்டு பிக்கப்தான் வேண்டும் என்றால் காரணத்தோடு சொல், கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அம்மா