கண்டன அறிக்கைக்கு அமைச்சர் பதில் சொல்லத் தேவையில்லை

முதன்முறையாக மக்களவைக்குச் சென்றிருக்கும் உறுப்பினர் அவர்களுக்கு,

வணக்கம். டெல்லியில் ஒரு சர்ச்சை கிளம்பினால் அரை மணி நேரத்தில் உங்கள் எக்ஸ் பக்கத்தில் கண்டனம் வந்துவிடுகிறது. நாடாளுமன்றத்தின் மகர் துவார் வாசலில் தமிழ் சேனல்களுக்குப் பேட்டியும் கொடுத்துவிடுகிறீர்கள். தொகுதிக்கு அது வேண்டியதுதான். ஆனால் அதற்குப் பதில் சொல்லும் கடமை எந்த அமைச்சகத்துக்கும் கிடையாது.

கேள்வியில் தொடங்குங்கள். மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்டவை (அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்பவை) 20, குறியிடாதவை (எழுத்தில் பதில் வருபவை) 230. குலுக்கலில்தான் வரிசை முடிவாகும். 15 முழு நாட்களுக்கு முன்பே நோட்டீஸ் தர வேண்டும் என்பதால் இன்று வெடித்த விவகாரத்துக்கு இது உதவாது. அதற்கு, அவசரப் பிரச்சினைகளை எழுப்பும் நேரமில்லா நேரம் (ஜீரோ ஹவர்) இருக்கிறது. தொலைக்காட்சிகள் மறந்துவிட்ட மூன்றாவது வாரத்தில்தான் கேள்வியின் அருமை தெரியும். அமைச்சரிடம் துணைக் கேள்வி கேட்க வேண்டுமானால் நட்சத்திரக் கேள்வி. எண்களைக் கறக்கக் குறியிடாததே மேல்.

மக்களவை நடைமுறை விதிகளில் விதி 41-ஐ ஒருமுறை முழுக்கப் படியுங்கள். கேள்வி 150 சொற்களைத் தாண்டக் கூடாது. வாதம், கிண்டல், அடைமொழி எதுவும் இருக்கக் கூடாது. பள்ளிக் கல்விக்கான மத்திய அரசுத் திட்டமான சமக்ர சிக்ஷாவின் நிதியை எடுத்துக்கொள்வோம். ‘பழிவாங்கும் நோக்கில் நிதியை நிறுத்தியது ஏன்?’ என்று எழுதினால் அது செயலகத்தைத் தாண்டாது. மாநில வாரியாக, ஆண்டு வாரியாக ஒப்புதலான தொகை, விடுவித்த தொகை, விடுவித்த தேதி, விடுவிக்காததற்கு எந்த விதி காரணம் என்று கேளுங்கள். மற்ற மாநிலங்களின் எண்கள் பக்கத்தில் வந்து நின்றால் உங்கள் வாதத்தை அந்த அட்டவணையே பேசிவிடும். ஒரு சிக்கலும் உண்டு. சுமார் 2,152 கோடி ரூபாய் நிறுத்தப்பட்டதாகத் தமிழ்நாடு அரசு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கில் உள்ள விஷயம் என்று கேள்வியைத் தள்ளிவிட அது போதும். வழக்கின் தகராறைத் தொடாமல் எண்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

‘தகவல் திரட்டப்பட்டு வருகிறது’ என்று பதில் வந்தால் சோர்ந்துவிட வேண்டாம். அது அரசு தரும் உறுதிமொழியாகக் கணக்கில் ஏறும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். தவறினால் அரசு உறுதிமொழிக் குழு விசாரிக்கும். பெரும்பாலான உறுப்பினர்கள் இதைப் பின்தொடர்வதே இல்லை.

மசோதாவை எதிர்ப்பதென்றால், விவாதத்துக்கு ஒரு நாள் முன்பே திருத்த நோட்டீஸ் கொடுங்கள். வாக்கெடுப்பின்போது இருக்கையை விட்டு எழாதீர்கள். 2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் வேளாண் மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின. உறுப்பினர்கள் இருக்கையில் இருந்து டிவிஷன் (வாக்குகளை எண்ணிப் பதியும் வாக்கெடுப்பு) கேட்கவில்லை என்பதுதான் துணைத் தலைவர் சொன்ன காரணம். அது நியாயமா என்பது வேறு கதை. யார் எப்படி வாக்களித்தார் என்ற பதிவே இல்லாமல் போனது. அவைக்குள் பதாகை பிடிப்பதற்கும் விலை உண்டு. 2023 டிசம்பரில் இரு அவைகளிலும் 146 பேர் இடைநீக்கமானபோது, அவர்கள் கொடுத்திருந்த கேள்விகளும் பட்டியலிலிருந்து காணாமல் போயின.

அவைக்குள் பேசியதற்கு அரசமைப்பின் 105-ஆவது பிரிவு காவல். ஆனாலும் ஒருவர் மீது குற்றம் சாட்டுவதென்றால் விதி 353-இன்படி சபாநாயகருக்கும் அமைச்சருக்கும் முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் பேச்சின் முக்கியமான வரியே அவைக்குறிப்பிலிருந்து போய்விடும். நீக்கிய வரியை வீடியோவாகப் போடாதீர்கள், அது உரிமை மீறல் ஆகலாம்.

வெளியில் அந்தக் காவல் இல்லை. மேற்கு வங்கத்தில் ஒரு சட்டமன்ற உறுப்பினர், அவையில் அனுமதி மறுக்கப்பட்ட தன் கேள்விகளைப் பத்திரிகையில் வெளியிட்டு அவதூறு வழக்கில் சிக்கினார். அவருக்குப் பாதுகாப்பு கிடையாது என்று 1961-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2019-இல் கோலார் கூட்டத்தில் பேசியதற்காக 2023 மார்ச் 23 அன்று சூரத் நீதிமன்றம் ராகுல் காந்திக்கு இரண்டாண்டு தண்டனை விதித்தது. மறுநாளே பதவி போனது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தடை விதித்த பிறகுதான் திரும்ப வந்தார்.

கடைசியாக, கேள்விகளைப் பதிவேற்றும் உறுப்பினர் இணையதளத்தின் கடவுச்சொல். 2023 டிசம்பர் 8 அன்று திரிணமூல் உறுப்பினர் மஹுவா மொய்த்ராவை மக்களவையிலிருந்து வெளியேற்றிய தீர்மானத்துக்குப் பின்னால் இருந்தது, அதை வெளியாளுடன் பகிர்ந்தார் என்ற நெறிமுறைக் குழுவின் அறிக்கைதான். கேள்வியை உதவியாளர் தயாரிக்கட்டும். பதிவேற்றுவதை நீங்களே செய்யுங்கள்.

இப்படிக்கு,
அவை நடவடிக்கைகளைக் கவனித்து வருபவர்கள்