செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களே, துணைத் தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, வழக்கம்போலப் பின்வரிசையில் உட்கார்ந்து கேள்வி கேட்கக் காத்திருக்கும் மூத்த உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் 1 முதல் 2025 மார்ச் 31 வரையிலான காலத்துக்கு நமது டேபிள் டென்னிஸ் சங்கத்தின் ஆண்டறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

வழக்கமான விஷயங்களைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். ஆண்டு முடிவில் உறுப்பினர்கள் 94 பேர். செயற்குழு ஒன்பது முறை கூடியது. அதில் இரண்டு முறை கூட்டம் நடத்தத் தேவையான எண்ணிக்கை சேராமல் காபி குடித்துவிட்டுக் கலைந்தோம். மே மாதக் கோடை முகாமில் 42 பிள்ளைகள் சேர்ந்தார்கள், 30 பேர் கடைசி நாள் வரை வந்தார்கள். மூன்றாம் எண் மேசைக்கு வலை மாற்றப்பட்டது. கழிப்பறைக் குழாய் இன்னும் மாற்றப்படவில்லை. மீதி ஆண்டை ஒரே காரியம் விழுங்கிவிட்டது.

சென்ற பொதுக்குழுவில் பேசியது உங்களுக்கு நினைவிருக்கும். 2023 முதல் நம் அரங்குக்குச் சக்கர நாற்காலியில் மூன்று இளைஞர்கள் ஆட வருகிறார்கள். வாசலில் மூன்று படி. காவலாளியும், அரங்கையும் மேசைகளையும் பார்த்துக்கொள்ளும் மார்க்கரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, நாற்காலியோடு தூக்கித்தான் உள்ளே கொண்டுவருவார்கள். அவர்கள் ஆடுவதும் ஆஸ்பத்திரியில் கொடுத்த சாதாரண நாற்காலியில்தான். பக்கவாட்டில் கொஞ்சம் எட்டி அடித்தால் வண்டியே சாயும். விளையாட்டுக்கென்று சக்கரங்கள் சாய்வாகப் பொருத்திய நாற்காலி இரண்டு வாங்கித் தரவும், பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளிக்கு ஒரு மேசை போடவும் நிதி திரட்டப் போட்டி நடத்தலாம் என்று முடிவானது. அதுவரை எல்லாம் சரி.

அப்புறம்தான் ஒருவர் எழுந்து, “ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வேலை பார்க்கிற கொரியாக்காரர்கள் சனிக்கிழமை சாயங்காலம் இங்கேதானே ஆடுகிறார்கள், அவர்களையும் சேர்த்தால் சர்வதேசப் போட்டி ஆகிவிடுமே” என்றார். எல்லோரும் கைதட்டினோம். நானும் தட்டினேன். அந்த ஒரு சொல்லுக்காக எத்தனை முறை ஆடிட்டர் வீட்டுப் படி ஏறப்போகிறேன் என்று அன்றைக்குத் தெரியாது.

நோட்டீஸ் அச்சுக்குப் போகுமுன் நம் ஆடிட்டரிடம் காட்டினேன். முழுக்கப் படித்துவிட்டு, “வெளிநாட்டுக்காரர்களிடம் பணம் வாங்கப் போகிறீர்களா?” என்று கேட்டார். நுழைவுக் கட்டணம் தலைக்கு 400 ரூபாய், விருப்பம் உள்ளவர்கள் நன்கொடை தரலாம் என்றேன். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010 என்று தொடங்கினார். அதன்படி வெளிநாட்டுக் குடிமகன் கொடுப்பது வெளிநாட்டு நன்கொடைதான். அவர் போரூரிலேயே குடியிருந்தாலும் சரி, கொடுப்பது நம்மூர் ரூபாயாக இருந்தாலும் சரி. பொருளாகக் கொடுத்தாலும் கணக்கு அதே கணக்குதான். நம்மைப் போன்ற சங்கம் அதை வாங்க உள்துறை அமைச்சகத்தில் பதிவு வேண்டும், அல்லது முன் அனுமதி வேண்டும். பதிவுக்கு மூன்று வருடம் இயங்கியிருக்க வேண்டும். அந்த மூன்று நிதியாண்டில் சங்கத்தின் முக்கியப் பணிகளுக்குக் குறைந்தது 15 லட்சம் செலவழித்திருக்க வேண்டும். அதெல்லாம் இருந்தாலும், பணத்தை முதலில் வாங்குவதற்கு டெல்லியில் ஸ்டேட் வங்கியின் பிரதானக் கிளையில் ஒரு கணக்குத் திறக்க வேண்டும். மூன்று வருடத்தில் நாம் 15 லட்சத்துக்குப் பந்து வாங்கியிருந்தால் இந்த அரங்கில் நிற்க இடம் இருந்திருக்காது.

“கட்டணம் வேறு, நன்கொடை வேறு இல்லையா சார்?” என்று கேட்டுப் பார்த்தேன். வாதாடலாம், ஆனால் வசூல் முழுவதும் அறக்காரியத்துக்கு என்று நீங்களே நோட்டீஸில் போட்டிருக்கிறீர்கள், வாதாட வேண்டிய நிலைக்குப் போகாமல் இருப்பதே நல்லது என்றார். ஆக, வெளிநாட்டு ஆட்டக்காரர்களிடம் கட்டணமும் இல்லை, நன்கொடையும் இல்லை, பந்து டப்பாகூட வாங்குவதில்லை என்று செயற்குழு தீர்மானித்தது. நிதி திரட்டத்தான் சர்வதேசப் போட்டி. ஆனால் சர்வதேசத்திடமிருந்து ஒரு காசு வாங்கக் கூடாது. வெளிநாட்டில் இருக்கும் நம் பழைய உறுப்பினர்களில் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களிடம் மட்டும் வாங்கினோம். குடியுரிமை மாறிய இருவர் வருத்தப்பட்டார்கள். அவர்களுக்கு இந்த மேடையிலிருந்தே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

போட்டியை முதலில் வைத்தது 2024 நவம்பர் 30, டிசம்பர் 1. அந்தச் சனிக்கிழமை என்ன நடந்தது என்பதைச் சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தது, விமான நிலையத்தையே மூடினார்கள். கொழும்பிலிருந்து வருவதாக இருந்த நான்கு பேரின் பயணம் ரத்தானது. அரங்குக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். மார்க்கர் தனி ஆளாக நான்கு மேசைகளையும் மடித்து, செங்கல் அடுக்கி அதன்மேல் ஏற்றி வைத்திருந்தார். மேசைப் பலகை தண்ணீர் குடித்தால் ஓரம் உப்பிவிடும், பிறகு அந்த ஓரத்தில் விழுகிற பந்து எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. நாங்கள் வாட்ஸ்அப் குழுவில் கவலைப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அவர் செங்கல் தூக்கிக்கொண்டிருந்தார். அவருக்குச் சிறப்பு ஊக்கத்தொகை தர வேண்டும் என்று தனித் தீர்மானம் கொண்டுவந்திருக்கிறேன். பந்தலுக்கும் சமையலுக்கும் கொடுத்த முன்பணத்தில் 18,600 ரூபாய் திரும்பி வரவில்லை.

மறுபடி தேதி குறித்தது 2025 ஜனவரி 25, 26. ஞாயிறன்று காலை கொடியேற்றிவிட்டு ஆட்டத்தைத் தொடங்கினோம். கட்டணம் கட்டியவர்கள் 118 பேர். வெளிநாட்டவர் 17 பேர்: கொரியர்கள் ஒன்பது, ஜப்பானியர்கள் நான்கு, கொழும்பிலிருந்து இரண்டு, கோலாலம்பூரிலிருந்து ஒரு ஜோடி. தரவரிசைப் புள்ளி கிடையாது, பரிசுப் பணம் கிடையாது. அழைப்புப் போட்டி, அவ்வளவுதான்.

ஃபேன் விவகாரத்தை இங்கேயே பதிவு செய்துவிடுகிறேன். பந்தின் எடை 2.7 கிராம். ஃபேன் ஓடினால் பந்து போக வேண்டிய இடத்துக்குப் போகாது. அதனால் ஆட்டம் நடக்கும்போது நிறுத்தி, கேம் முடிந்ததும் போட்டோம். இதை எதிர்த்துப் பார்வையாளர் பகுதியிலிருந்து வந்த வாய்மொழிப் புகார்கள் அனைத்தும் பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்பட்டன.

நாற்பது வயதுக்கு மேற்பட்டோர் பிரிவில் கோப்பை வாங்கியவர் ஒரு கொரியப் பொறியாளர். பேனாவைப் பிடிப்பதுபோல மட்டையைப் பிடிப்பவர். தடிமனான ஒரே பலகையில் செய்த மட்டை, பின்பக்கம் ரப்பரே கிடையாது. நம் ஆட்களில் பாதிப்பேர் இந்தப் பிடியை நேரில் பார்த்ததே இல்லை. இடது மூலைக்குப் போட்டால் திணறுவார் என்று நினைத்துத் திரும்பத் திரும்ப அங்கேயே போட்டார்கள். அவர் பேக்ஹேண்டில் அடிக்கவே இல்லை. கால் இரண்டையும் சரசரவென்று நகர்த்தி, இடது மூலையிலிருந்தும் ஃபோர்ஹேண்டிலேயே அடித்தார். ஐம்பத்திரண்டு வயது. ஏதென்ஸில் 2004-இல் ஒற்றையர் தங்கம் வென்ற ரியூ செங்-மின் பிடித்தது இந்தப் பிடிதான். அவர் அந்த ஜனவரியில்தான் கொரிய ஒலிம்பிக் கமிட்டித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். நம் பொறியாளர் செல்போனில் அந்தச் செய்தியைக் காட்டாத ஆள் பாக்கி இல்லை.

பெண்கள் பிரிவில் ஒரு ஆட்டம் குறித்து எழுத்துமூலம் புகார் வந்திருக்கிறது. அதற்கு இந்த அறிக்கையிலேயே பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். நம் பதின்மூன்று வயதுப் பெண்ணும் அறுபதைத் தாண்டிய ஜப்பானிய அம்மாவும் ஆடியது. ஐந்தாவது கேம், 9–9. நம் பெண் சர்வீஸ் போட்டாள். அம்பயர் நம் சங்கத்து ஆள். ஃபால்ட் என்று கையைத் தூக்கிவிட்டார். பந்தைக் குறைந்தது 16 சென்டிமீட்டர் மேலே தூக்கிப் போட வேண்டும் என்பது விதி. வலையின் உயரம் 15.25. அதாவது வலையைவிட ஒரு நூல் அதிகம் எழும்ப வேண்டும். அவள் பதற்றத்தில் உள்ளங்கையிலிருந்தே அடித்துவிட்டாள். நான் பக்கத்து மேசையில்தான் நின்றேன், பந்து எழும்பவில்லை. 9–11 என்று ஆட்டம் போனது. “நம்ம பிள்ளைக்கு நம்ம ஆளே இப்படிச் செய்யலாமா” என்பது புகாரின் சாரம். செய்யலாம் என்பது செயற்குழுவின் பதில். ஆட்டம் முடிந்த பிறகு அந்த ஜப்பானிய அம்மா மேசையைவிட்டுப் போகவில்லை. வார்த்தையே இல்லாமல், பந்தை உள்ளங்கையில் வைத்து நிறுத்தி, தூக்கிப் போட்டு, மறுபடி பிடித்து, இருபது தடவையாவது செய்து காட்டினார். பெண்ணும் செய்தாள். இந்தப் பகுதி புகாரில் இல்லை என்பதால் சேர்க்கிறேன்.

சக்கர நாற்காலிப் பிரிவில் ஆடியவர்கள் எட்டுப் பேர். டோக்கியோ பாராலிம்பிக்கில் பவினா படேல் வெள்ளி வாங்கிய பிறகு இப்படியொரு ஆட்டம் இருப்பது பலருக்குத் தெரியும், விதி தெரியாது. சர்வீஸ் போட்ட பந்து எதிராளி பக்கத்துப் பின்கோட்டைத் தாண்டிப் போக வேண்டும். ஒற்றையரில் பக்கவாட்டில் வெளியேறினால் லெட், அதாவது புள்ளி இல்லை, மறுபடி போட வேண்டும். மேசைக் கால்கள் பின்கோட்டிலிருந்து 40 சென்டிமீட்டராவது உள்ளே தள்ளி இருக்க வேண்டும், இல்லையென்றால் முழங்கால் இடிக்கும். டேப் வைத்து அளந்து பார்த்தபோது நம் நான்கு மேசைகளில் இரண்டுதான் தேறின. இத்தனை நாளும் அந்தப் பையன்கள் எந்த மேசை காலியாக இருக்கிறது என்று பார்க்காமல், குறிப்பிட்ட இரண்டு மேசைக்காகக் காத்திருந்தது ஏன் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அவர்கள் சொல்லவில்லை. நாங்கள் கேட்கவில்லை.

சாய்தளம் போட்டாகிவிட்டது. செலவு 23,400 ரூபாய். அது சங்கத்தின் பொதுக் கணக்கிலிருந்து கொடுக்கப்பட்டது, போட்டி வசூலில் ஒரு ரூபாயும் தொடவில்லை. நம் வாசலைச் சரி செய்வது நம் செலவு.

இப்போது உண்டியல். ஞாயிறு மதியம் அந்தக் கொரியப் பொறியாளர் யாரும் கவனிக்காத நேரம் ஒரு 500 ரூபாய்த் தாளை உள்ளே போட்டுவிட்டார். பொருளாளர் கவனித்துவிட்டார். இரண்டு சாட்சிகளை வைத்து உண்டியலைத் திறந்து, மேலே கிடந்த தாளை எடுத்து அவர் கையில் கொடுத்து, கும்பிட்டு, விளக்கமும் சொன்னார் நம் பொருளாளர். என்ன புரிந்ததோ, அவரும் குனிந்து வணங்கினார். இவரும் திரும்பக் குனிந்தார். இது கொஞ்ச நேரம் நடந்தது. பிறகு அவர் நேரே நம் மகளிர் நடத்திய பலகாரக் கடைக்குப் போய் அந்த 500 ரூபாய்க்கும் போண்டா வாங்கி, அரங்கில் இருந்த பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்தார். கவலையோடு ஆடிட்டருக்குப் போன் செய்தேன். “விலை கொடுத்து வாங்கினால் அது நன்கொடை இல்லை. எனக்கும் ரெண்டு எடுத்து வையுங்கள்” என்றார்.

போட்டிக் கணக்கு: கட்டணம் 47,200; உறுப்பினர், நண்பர் நன்கொடை 86,500; விழா மலர் விளம்பரம் 1,10,000; உண்டியல் 14,380; பலகாரக் கடை 21,150. மொத்த வரவு 2,79,230 ரூபாய். செலவு, புயலில் போன முன்பணத்தையும் சேர்த்து, 1,31,730. மிச்சம் 1,47,500. நாற்காலி இரண்டுக்கு 92,000, பள்ளி மேசைக்கு 38,500 கொடுத்தது போக 17,000 வங்கியில் இருக்கிறது; அது அந்த இளைஞர்களின் ரப்பர், பயணச் செலவுக்கு. நாற்காலிகள் சொன்ன தேதிக்கு ஒன்றரை மாதம் கழித்து வந்தன, ஒன்றில் காலடித் தட்டு இல்லாமல். பிறகு அனுப்பினார்கள்.

ஒளிக்காமல் சொல்கிறேன்: கோப்பைக்கு மட்டும் 27,000 ரூபாய் ஆகியிருக்கிறது. இரண்டடி உயரக் கோப்பை எதற்கு என்று இன்று கேட்பவர்கள், வாங்கிய அன்று அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டவர்கள்தான். என்னையும் சேர்த்து.

ஆண்டின் கடைசி வாரம், மார்ச் 25 முதல் 30 வரை, நேரு உள்விளையாட்டு அரங்கில் நடந்த, உலக டேபிள் டென்னிஸ் தொடரான டபிள்யூ.டி.டி.யின் ஸ்டார் கன்டென்டர் போட்டிக்கு நம்மில் 31 பேர் சேர்ந்து போனோம். சரத் கமல் தன் கடைசிப் போட்டியைச் சொந்த ஊரிலேயே ஆடினார். பத்து முறை தேசியச் சாம்பியன். 29-ஆம் தேதி இன்னொரு இந்திய வீரரான சினேஹித்திடம் நேர் கேம்களில் தோற்றார். அரங்கமே எழுந்து நின்றது. நம் மூத்த உறுப்பினர் ஒருவர், சரத்தைச் சின்னப் பையனாக மட்டையோடு பார்த்தவர், வேனில் திரும்பும்போது வடபழனி தாண்டும் வரை பேசவில்லை. ஆண்கள் கோப்பை கொரியாவின் ஓ ஜுன்-சுங்குக்குப் போனது. எங்களோடு வந்திருந்த பொறியாளருக்கு அன்று பிடித்த சிரிப்பு இன்னும் இறங்கவில்லை.

பொதுக்குழு முடிவெடுக்க வேண்டியவை. அடுத்த போட்டியை ஜனவரியிலேயே வைக்கலாம். நவம்பர் வேண்டவே வேண்டாம். கோப்பைக்கு 8,000 ரூபாய் உச்சவரம்பு. புது மேசை வாங்கும்போது அதன் கால்கள் எவ்வளவு உள்ளே தள்ளி இருக்கின்றன என்று அளந்து வாங்க வேண்டும். நோட்டீஸில் ‘சர்வதேச’ என்ற சொல் வேண்டுமா என்பதில் செயற்குழு சரிபாதியாகப் பிரிந்து நிற்கிறது. வேண்டாம் என்பது என் கருத்து. கொரியர்களும் ஜப்பானியர்களும் வரட்டும், ஆடட்டும், போண்டா சாப்பிடட்டும். அதற்கு அந்தச் சொல் தேவையில்லை. இதை வாக்கெடுப்புக்கு விடுமாறு தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

போட்டியன்று விட்டுப்போன பொருட்கள் மார்க்கரிடம் உள்ளன: துண்டு மூன்று, தண்ணீர்ப் பாட்டில் ஆறு, மூக்குக் கண்ணாடி ஒன்று, இடது கால் ஷூ ஒன்று. உரியவர்கள் இந்த மாத இறுதிக்குள் வாங்கிக்கொள்ளவும்.

தணிக்கை செய்த வரவு செலவு அறிக்கை இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. பொதுக்குழு இவற்றை ஏற்று ஒப்புதல் அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்